ஈவ் ஆன்லைன்: விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஒரே கணக்கு. செட்டிங், சாவிகள், விக்கல்கள்

#1 தொலைநோக்கி

ஈவ் என்ற இணைய விண்வெளி விளையாட்டின் ஒரே கணக்கை மூன்று கணினிகளில் ஓட்ட வேண்டும். மேசைக் கணினியில் விண்டோஸ், மடிக்கணினி ஆப்பிள் சிலிக்கான் மேக், இன்னொன்று ஸ்டீம் விளையாட்டுக் கடை வழியாக லினக்ஸ். விளையாட்டு மூன்றிலும் திறக்கிறது, ஆனால் இவையெல்லாம் இடிக்கின்றன:

விண்டோஸில் அடுக்கி வைத்த ஜன்னல்களும் ஓவர்வியூவும் (சுற்றியுள்ள கப்பல்கள், பொருள்களின் பட்டியல்) மற்ற இரண்டிலும் புதுக் கணக்கு போல ஆரம்ப நிலையில் நிற்கின்றன.

மேக்கில் எஃப்1 அழுத்தினால் துப்பாக்கி சுடுவதில்லை, திரை வெளிச்சம் குறைகிறது. லினக்ஸில் ஆல்ட்+எஃப்2 அழுத்தினால் ஏதோ தேடல் பெட்டி முளைக்கிறது.

லினக்ஸில் புது நட்சத்திர மண்டலத்துக்குள் குதிக்கும்போது ஓரிரு நொடி படம் விக்குகிறது.

கடைசியாக, இரண்டு கணினியில் ஒரே நேரம் ஓட்டினால் விதிமீறலா?

#2 பால்வீதி_பயணி

முதலில் எது எங்கே இருக்கிறது என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஈவ் 2003 மே மாதத்திலிருந்து ஒரே உலகமாக ஓடுகிறது. டிரான்குவிலிட்டி என்ற அந்த சர்வருக்கு நீங்கள் விண்டோஸிலிருந்து வருகிறீர்களா மேக்கிலிருந்தா என்பது பொருட்டில்லை. சீனாவுக்கான செரினிட்டி தனி உலகம். ஆகவே பாத்திரம், திறன்கள், கப்பல், பணம், அஞ்சல், தொடர்புகள், சேமித்த இடக்குறிகள், சேமித்த ஃபிட்டிங் (கப்பலில் பொருத்தும் கருவிகளின் தொகுப்பு) எல்லாம் சர்வரில் இருக்கின்றன. எந்தக் கணினியில் நுழைந்தாலும் அப்படியே இருக்கும். ஒமேகா என்ற கட்டணச் சந்தாவும் கணக்கின் மேல்தான், கணினியின் மேல் இல்லை.

கணினியிலேயே தங்கிவிடுபவை: ஜன்னல் இருப்பிடங்கள், ஓவர்வியூ தாவல்களும் வடிகட்டிகளும், கிராஃபிக்ஸ் தேர்வுகள், அரட்டைப் பதிவுகள், திரைப்பிடிப்புகள். நகர்த்த வேண்டியது இவ்வளவுதான்.

சின்ன விஷயம் ஒன்று. விளையாட்டுக்குள் காட்டும் கடிகாரம் யுடிசி. ஃப்ளீட் (கப்பல் கூட்டம்) நேரம் குறிக்கும்போது மூன்று கணினியின் கடிகாரத்தையும் பார்த்துக் குழம்ப வேண்டாம். தினசரி பராமரிப்பு யுடிசி 11:00 மணிக்கு. அந்த நேரத்தில் இணைப்பு அறுந்தால் குற்றவாளி உங்கள் லினக்ஸ் இல்லை.

#3 கோப்புக்காரன்

செட்டிங் நகர்த்தும் முறை. க்ளையண்ட் (கணினியில் ஓடும் விளையாட்டு நிரல்) முழுவதும் மூடியிருக்க வேண்டும். அது வெளியேறும்போதுதான் இந்தக் கோப்புகளை எழுதும். திறந்திருக்கும்போது மேலே நகலெடுத்து ஒட்டினால், மூடும்போது பழையதை எழுதி உங்கள் வேலையை அழித்துவிடும். க்ளையண்ட் நொறுங்கி விழுந்தாலும் அன்று மாற்றியது பதிவாகியிருக்காது. அதே காரணம்தான்.

விண்டோஸில்: பயனர் கோப்புறை → ஆப்டேட்டா → லோக்கல் → சிசிபி → ஈவ். அதற்குள் நீளப் பெயரோடு, டிரான்குவிலிட்டி என்று முடியும் ஒரு கோப்புறை. அதற்குள் "செட்டிங்ஸ்_டீஃபால்ட்".

மேக்கில்: பயனரின் லைப்ரரி → அப்ளிகேஷன் சப்போர்ட் → சிசிபி → ஈவ். லைப்ரரி மறைந்திருக்கும். ஃபைண்டரில் ஆப்ஷன் சாவியை அழுத்தியபடி "கோ" மெனுவைத் திறந்தால் தெரியும்.

லினக்ஸ் ஸ்டீமில்: ஸ்டீம்ஆப்ஸ் → காம்பேட்டேட்டா → 8500 → பிஎஃப்எக்ஸ் → டிரைவ்_சி → யூசர்ஸ் → ஸ்டீம்யூசர் → ஆப்டேட்டா → லோக்கல் → சிசிபி → ஈவ். 8500 என்பது ஸ்டீமில் ஈவின் எண். இந்த 8500 கோப்புறையைத்தான், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் ஒரு போலி விண்டோஸாகக் காட்டுகிறது. "ஏதோ சரியில்லை, காம்பேட்டேட்டாவை அழித்துப் பார்" என்று யாராவது சொன்னால் முதலில் செட்டிங் கோப்புறையை வெளியே எடுத்து வைத்துவிட்டு அழியுங்கள்.

செட்டிங்ஸ்_டீஃபால்ட் உள்ளே இரண்டு வகை டேட் கோப்புகள் முக்கியம். "கோர்_சார்" என்று தொடங்கி நீள எண்ணோடு முடிபவை பாத்திரத்துக்கு ஒன்று. "கோர்_யூசர்" என்று தொடங்குபவை கணக்குக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்தே நகலெடுங்கள். ஒன்றை மட்டும் கொண்டுபோனால் ஓவர்வியூ ஒரு மாதிரியும் ஜன்னல்கள் ஒரு மாதிரியும் அரைகுறையாக வரும். எந்த எண் எந்தப் பாத்திரம் என்று தெரியாவிட்டால், அந்தப் பாத்திரத்தில் மட்டும் நுழைந்து, ஒரு ஜன்னலை நகர்த்தி, வெளியேறுங்கள். கோப்புகளை மாற்றிய நேரப்படி வரிசைப்படுத்தினால் மேலே நிற்பதுதான் அது. எண்கள் சர்வர் தந்தவை, மூன்று கணினியிலும் ஒன்றே. பெயர் மாற்ற வேண்டியதில்லை.

#4 தொலைநோக்கி

நன்றி. விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு இரண்டு வகைக் கோப்பும் நகலாகிவிட்டன, க்ளையண்ட் மூடித்தான் இருந்தது. ஆனாலும் திறந்தால் ஆரம்ப நிலை ஜன்னல்களே. ஈவ் கோப்புறைக்குள் இப்போது நீளப் பெயர்க் கோப்புறைகள் இரண்டு தெரிகின்றன.

#5 கோப்புக்காரன்

அந்த இரண்டுதான் விடை. நீளப் பெயர், விளையாட்டு நிறுவப்பட்ட பாதையிலிருந்து உருவாவது. விண்டோஸில் டி டிரைவில் நிறுவியிருந்தால் பெயர் "டி_" என்று தொடங்கும். புரோட்டானுக்குள் அது வேறு பாதை, ஆகவே வேறு பெயர். நீங்கள் வெளிக் கோப்புறையையும் சேர்த்து இழுத்துப் போட்டிருக்கிறீர்கள். க்ளையண்ட் தன் பெயர் உள்ளதைத்தான் படிக்கும், பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்க்காது.

உள்ளே இருக்கும் டேட் கோப்புகளை மட்டும் எடுத்து, லினக்ஸ் க்ளையண்ட் தானே உருவாக்கிய கோப்புறையின் செட்டிங்ஸ்_டீஃபால்ட் உள்ளே போடுங்கள். அந்தக் கோப்புறை உருவாக, லினக்ஸில் குறைந்தது ஒருமுறை பாத்திரத்தோடு உள்ளே போய் வந்திருக்க வேண்டும். விண்டோஸிலேயே ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி நிறுவியதும் "செட்டிங் எல்லாம் போச்சு" என்று அலறுபவர்களுக்கும் நடப்பது இதுவே. எதுவும் போகவில்லை, பழைய பெயரில் பக்கத்திலேயே கிடக்கிறது.

#6 நெபுலா_நாகன்

கோப்பு நகர்த்தலில் இன்னொரு பொறி: திரை அளவு. 2560×1440 திரையில் அடுக்கிய ஜன்னல்கள் 1280×800 திரையில் திறக்கும்போது பாதி வெளியே போய்விடும், சிலவற்றின் தலைப்புப் பட்டையே எட்டாது. எஸ்கேப் மெனுவின் ரீசெட் பகுதியில் ஜன்னல்களை மீட்கலாம். ஆனால் அது அடுக்கிய எல்லாவற்றையும் கலைத்துவிடும்.

லாஞ்சரில் (விளையாட்டைத் தொடங்கும் செயலி) செட்டிங் புரொஃபைல் என்று இருக்கிறது. திரை அளவுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக "மடி" என்று ஒன்று உருவாக்கினால் டிஸ்க்கில் செட்டிங்ஸ்_மடி என்று தனிக் கோப்புறை வரும். பெரிய திரைக்கான கோப்புகளை அதில் போட்டு, ஒருமுறை உட்கார்ந்து சின்னத் திரைக்கு ஏற்ப ஜன்னல்களைச் சரிசெய்து விடுங்கள். பிறகு இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காது.

ஓவர்வியூ மட்டும் போதும் என்றால் டேட் கோப்பையே தொட வேண்டாம். ஓவர்வியூ செட்டிங்கில் ஏற்றுமதி செய்தால் ஆவணங்கள் → ஈவ் → ஓவர்வியூ என்ற இடத்தில் யாமல் கோப்பு வரும். மறுபுறம் அதே இடத்தில் போட்டு இறக்குமதி. அதைவிடச் சுலபம், ஓவர்வியூவின் பகிர்வு இணைப்பை விளையாட்டுக்குள் இருக்கும் அஞ்சலில் போட்டு உங்களுக்கே அனுப்பிக்கொள்வது. சர்வரிலேயே இருக்கும், எந்தக் கணினியிலும் ஒரு சொடுக்கில் வரும்.

#7 மெட்டல்மணி

மேக் பக்கம்.

பழைய கதை தெரிந்தவர்களுக்கு மேக் என்றாலே பயம். 2007-இல் மேக், லினக்ஸ் இரண்டுக்கும் வந்த க்ளையண்டுகள் விண்டோஸ் நிரலை ஒரு மொழிபெயர்ப்புப் போர்வைக்குள் சுற்றித் தந்தவை. லினக்ஸுடையதை 2009-இல் நிறுத்திவிட்டார்கள். மேக்குடையது பல வருடம் அப்படிப்பட்ட போர்வையில் இழுத்தடித்தது. இப்போதையது ஆப்பிளின் கிராஃபிக்ஸ் மொழியான மெட்டல் வழியாக நேரடியாக வரைகிறது. ஆப்பிள் சிலிக்கானில் பூட்கேம்ப் கிடையாது என்பதால் "மேக்கில் விண்டோஸ் போட்டு ஓட்டு" என்ற பழைய அறிவுரையைக் குப்பையில் போடுங்கள்.

எஃப் சாவிகள்: சிஸ்டம் செட்டிங்ஸ் → விசைப்பலகை → விசைப்பலகை ஷார்ட்கட்கள் → ஃபங்ஷன் சாவிகள். அங்கே எஃப்1, எஃப்2 முதலியவற்றைச் சாதாரண ஃபங்ஷன் சாவிகளாகப் பயன்படுத்தும் தேர்வை இயக்குங்கள். வெளிச்சம் மாற்ற அதன்பின் எஃப்என் சேர்த்து அழுத்த வேண்டும்.

அதோடு முடியவில்லை. ஈவில் மேல் வரிசை மாட்யூல்கள் (கப்பலில் பொருத்திய கருவிகள்) எஃப்1 முதல் எஃப்8, நடு வரிசை ஆல்ட் சேர்த்து, கீழ் வரிசை கண்ட்ரோல் சேர்த்து. மேக்கோஸ் கண்ட்ரோல்+எஃப்2-ஐ மெனு பட்டைக்குப் போகவும், கண்ட்ரோல்+எஃப்3-ஐ டாக்குக்குப் போகவும் வைத்திருக்கிறது. கீழ் வரிசையில் இரண்டாவதாக டேமேஜ் கண்ட்ரோல் வைத்திருந்தால் அது எரியாது, மேலே ஆப்பிள் மெனு நீலமாகும். அதே ஷார்ட்கட் பக்கத்தில் "விசைப்பலகை" பிரிவில் இந்த இரண்டின் குறியையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது இலக்கைப் பூட்டுவது. ஆரம்ப அமைப்பு கண்ட்ரோல் பிடித்துச் சொடுக்குவது. மேக்கோஸில் கண்ட்ரோல்+சொடுக்கு என்றாலே வலச் சொடுக்கு, ஆகவே பூட்டாமல் மெனு விரிகிறது என்ற புகார் வரும். ஷார்ட்கட் → காம்பாட் பகுதியில் பூட்டும் சாவியை ஏதாவது காலியான எழுத்துக்கு மாற்றிவிடுங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் அதே எழுத்தை வையுங்கள். மூன்று கணினியில் மூன்று பழக்கம் விரலுக்கு ஆகாது.

டிஸ்கார்டு அல்லது மம்பிளில் பேச அழுத்தும் சாவி ஈவ் முன்னே இருக்கும்போது வேலை செய்யவில்லை என்றால்: பிரைவசி அண்ட் செக்யூரிட்டி → இன்புட் மானிட்டரிங்கில் அந்தச் செயலிக்கு அனுமதி கொடுத்து, செயலியை மூடித் திறங்கள். அனுமதி கொடுத்துவிட்டு மூடித் திறக்காமல் "இன்னும் வரவில்லை" என்பவர்களே அதிகம்.

#8 பெங்குவின்தாசன்

லினக்ஸ் சாவிகளுக்கும் நோய் அதுவே, பிடுங்கும் ஆள்தான் வேறு.

க்நோம், கேடிஇ என்ற இரண்டு லினக்ஸ் மேசைச் சூழல்களிலும் ஆல்ட்+எஃப்2 கட்டளைப் பெட்டி. ஆல்ட்+எஃப்4 ஜன்னலை மூடும். நடு வரிசை நான்காவது மாட்யூலைத் தட்டப் போய்ப் போர் நடுவே க்ளையண்டையே மூடுவது இப்படித்தான். க்நோமில் ஆல்ட்+எஃப்7 ஜன்னல் நகர்த்தல், ஆல்ட்+எஃப்8 அளவு மாற்றல். கேடிஇயில் கண்ட்ரோல்+எஃப்1 முதல் எஃப்4 வரை மெய்நிகர் மேசை மாற்றம்.

கேடிஇயில் அழகான வழி இருக்கிறது: ஈவ் ஜன்னலுக்கு ஒரு விண்டோ ரூல் உருவாக்கி, "குளோபல் ஷார்ட்கட்களைப் புறக்கணி" என்பதைச் சேர்த்து, கட்டாயம், ஆம் என்று வையுங்கள். அந்த ஜன்னல் முன்னே இருக்கும்வரை எல்லாச் சாவியும் விளையாட்டுக்கே. ஆல்ட்+டேப்பும் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். க்நோமில் அப்படித் தனி ஜன்னலுக்கு இல்லை, செட்டிங்ஸ் → விசைப்பலகை போய் ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். கேம்ஸ்கோப் என்ற விளையாட்டுக்கான தனி ஜன்னல் சூழலுக்குள் ஓட்டுபவர்கள் விசைப்பலகையைப் பிடித்துக்கொள்ளும் அதன் தேர்வைப் பயன்படுத்தலாம்.

வேலாண்டில் (லினக்ஸின் புதிய திரை அமைப்பு) பேசும் சாவி பற்றி ஒரு விசித்திரம். புரோட்டானில் ஓடும் ஈவ் பெரும்பாலும் எக்ஸ்வேலாண்ட் (பழைய செயலிகளுக்கான இணக்கப் படலம்) ஜன்னல். டிஸ்கார்டும் எக்ஸ்வேலாண்டில் ஓடினால், ஈவ் முன்னே இருக்கும்போது சாவி கேட்கும். வரைபடம் பார்க்க உலாவிக்கு மாறினால் கேட்காது, ஏனென்றால் உலாவி நேரடி வேலாண்ட் ஜன்னல், அங்கே அழுத்தும் சாவியைப் பழைய செயலிகளுக்கு வேலாண்ட் காட்டாது. "சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை" என்ற புகாரின் மூலம் இதுதான். கேடிஇயின் பிளாஸ்மா 5.27 முதல் பழைய செயலிகள் சாவிகளைக் கேட்க அனுமதிக்கும் தேர்வு சிஸ்டம் செட்டிங்ஸில் இருக்கிறது.

#9 குவாசர்_குமரி

விண்டோஸ்காரர்கள் சும்மா சிரிக்க வேண்டாம். என்விடியா ஓவர்லே ஆல்ட்+எஃப்1-ஐத் திரைப்பிடிப்புக்கும், ஆல்ட்+எஃப்9-ஐப் பதிவுக்கும் வைத்திருக்கிறது. நடு வரிசை முதல் மாட்யூலைத் தட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு படம் விழுந்து டிஸ்க் நிறையும்.

மூன்றுக்கும் பொது: அரட்டைப் பெட்டியில் கர்சர் நின்றால் எழுத்துச் சாவிகள் எதுவும் கட்டளையாகப் போகாது. விசைப்பலகை ஆங்கில அமைப்பில் இல்லாவிட்டாலும் சுற்றுவதற்கான டபிள்யூ, வார்ப்புக்கான (அதிவேகப் பயணம்) எஸ் இரண்டும் ஊமையாகிவிடும். கணினி மாறியதும் முதலில் பார்க்க வேண்டியது மொழிக் குறி.

#10 பெங்குவின்தாசன்

இப்போது விக்கல். இரண்டு வேறு விக்கல்கள் ஒரே முகமூடியில் வருகின்றன. பிரித்துப் பார்க்காமல் மருந்து கொடுத்தால் பலிக்காது.

முதலாவது பதிவிறக்க விக்கல். ஈவ் லாஞ்சர் எல்லாக் கோப்பையும் முன்கூட்டியே இறக்குவதில்லை. நீங்கள் புது இனத்தின் நிலையத்தையோ இதுவரை பார்க்காத கப்பலையோ சந்திக்கும்போது அதன் உருவமும் தோலும் அந்த நொடி இறங்குகின்றன. இது விண்டோஸிலும் மேக்கிலும் உண்டு. லாஞ்சர் செட்டிங்கில் முழு க்ளையண்டையும் இறக்கும் தேர்வை ஒருமுறை ஓட விட்டால் ஒழிந்தது.

இரண்டாவது ஷேடர் விக்கல், லினக்ஸில் அதிகம் தெரிவது. விளையாட்டு டைரக்ட்எக்ஸ் என்ற கிராஃபிக்ஸ் மொழியில் பேசுகிறது, கார்டு வல்கனில் கேட்கிறது. நடுவில் மொழிபெயர்க்க டைரக்ட்எக்ஸ் 11-க்கு டிஎக்ஸ்விகே, 12-க்கு விகேடி3டி-புரோட்டான். முதல் முறை தென்படும் ஒவ்வொரு ஒளி அமைப்புக்கும் கார்டுக்கான நிரலை (ஷேடர்) அந்த இடத்திலேயே தொகுக்க வேண்டும். டிஎக்ஸ்விகே 2.0 முதல், டிரைவர் கிராஃபிக்ஸ் பைப்லைன் லைப்ரரி என்ற நீட்டிப்பை ஆதரித்தால், இந்த வேலையின் பெரும்பகுதி பொருள் ஏற்றப்படும்போதே முடிந்துவிடும். அதற்கு வல்கன் 1.3 டிரைவர் வேண்டும். ஏஎம்டி கார்டு என்றால் மெசா (லினக்ஸின் திறமூல டிரைவர்) 23.1 அல்லது அதற்கு மேல். விநியோகத்தின் பழைய மெசாவை வைத்துக்கொண்டு புரோட்டானை மட்டும் புதுப்பித்துப் பயனில்லை.

எது எது என்று கண்டுபிடிக்க: ஒரு முனையில் நெட்வொர்க் மானிட்டர் திறந்து வைத்துக் குதியுங்கள். விக்கும் அந்த நொடி வரவுக் கோடு எகிறினால் பதிவிறக்கம். கோடு தூங்கிக்கொண்டே இருந்து, சிபியு கோர்கள் எல்லாம் ஒரு கணம் நிமிர்ந்தால் ஷேடர். இரண்டுமே இரண்டாம் முறை அதே மண்டலத்துக்குப் போகும்போது வராது. ஆனால் டிரைவர் புதுப்பித்ததும் ஷேடர் விக்கல் திரும்பும், பதிவிறக்க விக்கல் திரும்பாது.

#11 நெபுலா_நாகன்

முழுப் பதிவிறக்கத்தை மூன்று கணினியிலும் மூன்று முறை செய்யாதீர்கள். ஷேர்டுகேஷ் கோப்புறைக்குள் ரெஸ்ஃபைல்ஸ் என்று இருக்கிறது, இரண்டு எழுத்துப் பெயர்களில் நூற்றுக்கணக்கான உள்கோப்புறைகள். கோப்புப் பெயர்கள் உள்ளடக்கத்தின் கைரேகையிலிருந்து வருபவை. வெளி டிஸ்க்கில் நகலெடுத்து அடுத்த கணினியின் அதே இடத்தில் போட்டால், லாஞ்சர் சரிபார்த்து இல்லாதவற்றை மட்டும் இறக்கும்.

அல்லது விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால் ஒரே என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வடிவ) டிரைவிலேயே ஸ்டீம் நூலகத்தை வைத்து இரண்டும் பகிரலாமே?

#12 பெங்குவின்தாசன்

அந்தக் கடைசி வரியை யாரும் பின்பற்ற வேண்டாம். புரோட்டானின் பிஎஃப்எக்ஸ் உள்ளே "சி:" "இசட்:" என்று முக்காற்புள்ளி உள்ள பெயர்களில் இணைப்புகள் உண்டு. விண்டோஸுக்கு முக்காற்புள்ளி கோப்புப் பெயரில் ஆகாது. டிஸ்க் சரிபார்ப்பு ஓடினால் அவற்றைக் கெட்ட பதிவு என்று எடுத்துவிடும், அடுத்த முறை லினக்ஸில் விளையாட்டு திறக்காமலே மௌனமாக நின்றுவிடும். இன்னொன்று, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட்டவுன் செய்தாலும் டிரைவ் பாதி உறக்க நிலையில் இருக்கும். லினக்ஸ் அதை வாசிக்க மட்டும் திறக்கும், எழுத முடியாது, லாஞ்சர் புதுப்பிப்பில் நின்றுவிடும்.

ரெஸ்ஃபைல்ஸை நகலெடுப்பது சரி. பிரிஃபிக்ஸ் (அந்த பிஎஃப்எக்ஸ் கோப்புறை) மட்டும் எப்போதும் எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் என்ற லினக்ஸ் வடிவ டிரைவில்.

#13 நெபுலா_நாகன்

ஏற்கிறேன். காம்பேட்டேட்டாவை எக்ஸ்ட்4-க்கு நகர்த்தி சிம்லிங்க் (பழைய இடத்திலிருந்து புது இடத்தைக் காட்டும் இணைப்பு) போட்டால் முக்காற்புள்ளிச் சிக்கல் தீரும். ஆனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் சிக்கலை அது தொடாது என்பது உண்மைதான்.

#14 ஆரியன்_பட்டை

மேக்கிலும் லினக்ஸிலும் சண்டையில் தாமதம் அதிகம், பிவிபிக்கு (ஆட்டக்காரர்களுக்கு இடையிலான சண்டை) விண்டோஸ்தான் என்று பலர் சொல்கிறார்களே. சரியா?

#15 பால்வீதி_பயணி

சுடும் விளையாட்டுகளின் அளவுகோலை இங்கே கொண்டுவந்த பேச்சு அது.

ஈவ் சர்வர் நொடிக்கு ஒரு டிக் அடிக்கிறது. உங்கள் கட்டளை அந்த நொடிக்குள் எப்போது வந்து சேர்ந்தாலும் அடுத்த டிக்கில்தான் நடக்கும். ஒரு பக்கப் பயணம் 100 மில்லிநொடி அதிகம் என்று வைத்தால், 1000 மில்லிநொடி ஜன்னலில் பத்தில் ஒரு கட்டளைதான் ஒரு டிக் தள்ளிப் போகும். மீதி ஒன்பதுக்கு வேறுபாடே இல்லை. மொழிபெயர்ப்புப் படலம் சேர்க்கும் சில மில்லிநொடியை இதற்குள் தேடிக் கண்டுபிடிக்கவே முடியாது. நொடிக்கு 144 பிரேம் வந்தாலும் 40 வந்தாலும் சர்வருக்கு ஒன்றே.

பெரிய போரில் டைம் டைலேஷன் வந்தால் விளையாட்டு நேரம் 10% வேகம் வரை இறங்கும். 5 நொடியில் சுழலும் துப்பாக்கி 50 நொடி எடுக்கும். 2020-இல் எஃப்டபிள்யூஎஸ்டி-8 மண்டலத்தில் ஒரே நேரம் 6,557 பேர் நின்றது கின்னஸ் பதிவு. அப்படிப்பட்ட இடத்தில் தடுமாறுவது கார்டும் நினைவகமும்தான், இயங்குதளம் இல்லை. கிராஃபிக்ஸைத் தாழ்த்தி, விளைவுகள், எறிகணைத் தடங்கள், டிரோன் உருவங்கள் மூன்றையும் அணைத்துவிட்டு உள்ளே போங்கள். மேக்கில் நினைவகம் சிபியுவுக்கும் கிராஃபிக்ஸுக்கும் பொது என்பதால் உலாவியில் நாற்பது தாவல் திறந்து வைத்தால் அதன் விலையை இங்கே கொடுப்பீர்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது இணைப்பு அறுவது. ஈவ் டிசிபியில் பேசுகிறது. மடிக்கணினி ஒரு வைஃபையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினாலோ, மூடியைச் சாத்தியதும் தூங்கினாலோ சாக்கெட் மூடிவிட்டது என்ற செய்தி வந்து வெளியே தள்ளும். கப்பல் அவசர வார்ப்பு எடுக்க முயலும். பிவிபி டைமர் இருந்தால் 15 நிமிடமும், என்பிசி (கணினி ஓட்டும் எதிரிகள்) டைமர் இருந்தால் 5 நிமிடமும் விண்வெளியில் தெரியும் பொருளாக நிற்கும்.

பல கணினி வைத்திருப்பவருக்கு இங்கே ஒரு நன்மை. ஒன்று உறைந்து நின்றால் அது மீளும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்துக் கணினியில் அதே கணக்கில் நுழையுங்கள். இணைப்பு அபகரிக்கப்பட்டது என்று பழைய க்ளையண்ட் தானே விழும், நீங்கள் அதே கப்பலில் அமர்ந்திருப்பீர்கள். இதற்காகவே எல்லாக் கணினியிலும் லாஞ்சரில் முன்பே ஒருமுறை நுழைந்து, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை முடித்து வையுங்கள். போர் நடுவே ஆறு இலக்க எண் தேடுவது நடக்காத காரியம்.

#16 குவாசர்_குமரி

விதிமீறல் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஒரு கணக்கில் மூன்று பாத்திரம் இருக்கலாம், ஒரு நேரத்தில் ஒன்றுதான் உள்ளே. இரண்டு ஒமேகா கணக்குகளை விண்டோஸில் ஒன்று, மேக்கில் ஒன்று என்று ஓட்டுவது சரி. 2016 நவம்பரில் வந்த இலவச ஆல்பா நிலைக்கு அது கிடையாது. ஆல்பா ஓடும்போது உங்களுடைய வேறெந்தக் கணக்கும் ஓடக் கூடாது. ஒரே கணினியில் முயன்றால் லாஞ்சரே தடுக்கும். வேறு கணினியிலோ மெய்நிகர் கணினியிலோ திறந்தால் தொழில்நுட்பம் தடுக்காமல் போகலாம், ஆனால் விதி கணினியை எண்ணுவதில்லை, ஆளை எண்ணுகிறது. தண்டனை கணக்குத் தடை.

இரண்டு கணினிக்கும் ஒரே விசைப்பலகையை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் கேவிஎம் கருவி தவறில்லை. ஒரு அழுத்தத்தை இரண்டு க்ளையண்டுக்கும் ஒருசேர அனுப்புவது 2015 ஜனவரி 1 முதல் தடை. மென்பொருள் கேவிஎம் சிலவற்றில் எல்லாத் திரைக்கும் ஒளிபரப்பும் தேர்வு உண்டு, அது தற்செயலாக இயங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

#17 கோப்புக்காரன்

துணைக் கருவிகளையும் சொல்லிவிடலாம். ஃபிட்டிங் திட்டமிடும் பைஃபா மூன்று தளத்திலும் ஓடும். ஃபிட்டிங்கை உரையாக நகலெடுத்து விளையாட்டில் ஒட்டலாம். பல க்ளையண்டுகளைச் சிறுபடங்களாகக் காட்டும் ஈவ்-ஓ பிரிவ்யூ விண்டோஸின் சிறுபட வசதியை நம்பி எழுதப்பட்டது, புரோட்டானுக்குள் அது எதிர்பார்க்கும் பொருளே இல்லை. லினக்ஸில் விண்டோ மேனேஜரின் ஷார்ட்கட்டால் க்ளையண்ட் மாறுவதே நேர்வழி.

அரட்டைப் பதிவைப் படித்து எதிரி நடமாட்டம் சொல்லும் கருவி லினக்ஸில் எதுவும் காட்டாமல் நின்றால் இரண்டு காரணம். ஒன்று, அது உங்கள் வீட்டுக் கோப்புறையின் ஆவணங்களைப் பார்க்கிறது, பதிவு பிரிஃபிக்ஸுக்குள் இருக்கும் ஆவணங்களில் எழுதப்படுகிறது. இரண்டு, அந்தப் பதிவுகள் யுடிஎஃப்-16, கருவி யுடிஎஃப்-8 என்று எண்ணித் திறந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் வெற்றுக் குறி தெரியும், எந்தப் பெயரும் பொருந்தாது.

#18 ஆரியன்_பட்டை

டைரக்ட்எக்ஸ் 11-ஆ 12-ஆ, லினக்ஸில்?

#19 பெங்குவின்தாசன்

முதலில் 11. எல்லாம் நிலையாக ஓடிய பிறகு 12-ஐ முயலுங்கள், மாறுதல் லாஞ்சரிலேயே இருக்கிறது. 12-இல் கருப்புத் திரையோ நொறுங்கலோ வந்தால் உடனே திரும்பிவிடலாம். ஒரே நேரத்தில் புரோட்டான் பதிப்பையும் டைரக்ட்எக்ஸையும் மாற்றாதீர்கள். எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

#20 மெட்டல்மணி

தலைப்புக்குச் சற்று வெளியே: இந்த மூன்று தள சுகம் எல்லா விண்வெளி விளையாட்டுக்கும் இல்லை. ஈவுக்குக் கணினியின் அடிவரை நுழையும் ஏமாற்றுத் தடுப்பு கிடையாது, அதனால் புரோட்டானில் சிக்கலின்றி வருகிறது. டெஸ்டினி 2-ஐ லினக்ஸில் முயலவே வேண்டாம், தடையைச் சுற்றிப் போக முயன்றால் கணக்கே தடைபடும். ஈஸி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021 முதல் புரோட்டானை ஆதரிக்கின்றன, ஆனால் விளையாட்டை உருவாக்கியவர் அதை இயக்கி வைத்தால்தான். நோ மேன்ஸ் ஸ்கை 2020 ஜூனிலிருந்து தளம் கடந்து சேர்ந்து ஆடலாம், மேக் பதிப்பு 2023-இல் வந்தது.

#21 தொலைநோக்கி

டேட் கோப்புகள் சரியான கோப்புறைக்குப் போனதும் ஓவர்வியூ வந்துவிட்டது. மேக் சாவிகளும் சரி. லினக்ஸில் வரவுக் கோடு எகிறியது, ஆகப் பதிவிறக்க விக்கல்தான், முழு இறக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. மீதி ஒன்று: கேடிஇ விண்டோ ரூல் போட்டும் ஆல்ட்+எஃப்2 இன்னும் பெட்டியைத் திறக்கிறது.

#22 பெங்குவின்தாசன்

ரூல் லாஞ்சர் ஜன்னலைப் பிடித்திருக்கும். க்ளையண்ட் தனி ஜன்னல். பாத்திரத்தோடு உள்ளே நுழைந்த பிறகு, சிஸ்டம் செட்டிங்ஸில் விண்டோ ரூல்ஸ் பக்கத்தைத் திறந்து "ஜன்னல் பண்புகளைக் கண்டறி" கொடுத்து விளையாட்டின் மேல் சொடுக்குங்கள். தலைப்பைக் கொண்டு பொருத்த வேண்டாம், அதில் பாத்திரத்தின் பெயர் சேர்ந்து வருவதால் அடுத்த பாத்திரத்துக்கு ரூல் பிடிக்காது. ஜன்னல் வகுப்பைக் கொண்டு பொருத்துங்கள்.

#23 தொலைநோக்கி

வகுப்பை வைத்ததும் வேலை செய்கிறது.